பிள்ளைக்காம்பராவில் இராயப்பன்

டாக்டரையா இராயப்பனைப் புரட்டிப் பார்த்தார். சரியாகச் சொன்னால், புரட்டச் சொன்னார், புரட்டியவள் அவன் பெண்சாதி இருதயம்மா. மூக்கைப் பொத்திக்கொள்ளக் கைக்குட்டையை எடுத்தவர், அந்த ஒற்றை அறைக் காம்பராவுக்குள் நாற்றம் எதுவும் இல்லாததைக் கண்டு அதைத் திரும்பவும் கோட்டுப் பையில் வைத்தார். இராயப்பனின் முதுகையும் இடுப்பெலும்பையும் குதிகாலையும் குனிந்து பார்த்தார். எங்கும் புண் இல்லை. எட்டு மாதமாகப் படுக்கையில் கிடக்கிறவன். கழுத்துக்குக் கீழே இடது கை ஒன்றுதான் அவன் சொன்னபடி கேட்கும். அப்படிப்பட்டவனின் உடம்பில் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. முகம் மழித்திருந்தது. நகம் வெட்டியிருந்தது. கீழே விரித்திருந்த சாக்கு வெயிலில் காய்ந்து மொரமொரப்பாக இருந்தது.

“நல்லா வச்சிருக்கே” என்றார் இருதயம்மாவிடம்.

பிறகு வெளியே நின்ற சவரிமுத்து கங்காணியின் பக்கம் திரும்பி, ஆளுக்கு ஒரு குறையும் இல்லை, இந்தப் பெண் வேலை நடுவில் மலையை விட்டு இறங்கி வர வேண்டிய அவசியம் எதுவும் தனக்குத் தெரியவில்லை, தோட்டத்துத் துரைக்கும் அப்படியே சொல்லிவிடுகிறேன் என்றார்.

டாக்டரையா ஞானசீலன் உண்மையில் டாக்டர் அல்ல. மருந்து கலக்கிக் கொடுக்கப் படித்தவர். இலங்கையில் நமுனுகுல மலையடியில் இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளாக நின்ற நாலு லயங்களுக்கும் அவர்தான் டாக்டரையா. அவர் பொல்லாதவர் என்று யாரும் சொன்னதில்லை. பார்க்கச் சொன்னதைப் பார்ப்பார், பார்த்ததைச் சொல்வார். வம்பே அதில்தான் இருந்தது.

இருதயம்மா கேட்டது பெரிய விஷயம் அல்ல. கைப்பிள்ளைக்காரிகளுக்கு அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலை ஒன்பது மணிக்குத் தேயிலை ஸ்டோர் மணி அடித்ததும் அவர்கள் கூடையை வைத்துவிட்டு இறங்கிப் போகலாம். லயத்துக் கோடியில் இருந்த பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளுக்குப் பால் கொடுத்துவிட்டு அரை மணி நேரத்தில் மலைக்குத் திரும்பிவிட வேண்டும். பிள்ளை நடக்கும் வரைக்கும் இந்தச் சலுகை. இதற்காகவே அவர்களை லயத்தை ஒட்டிய பக்கத்து மலையில் கொழுந்தெடுக்க விடுவார்கள். துரை தர்மவான் என்பதால் வந்த வழக்கம் அல்ல. பால் கட்டிய மாரோடு நிற்கிற பெண் கொழுந்தை ஒழுங்காகக் கிள்ளமாட்டாள் என்று எந்தக் காலத்திலோ ஒரு துரை கண்டுபிடித்திருந்தார்.

இருதயம்மாவும் ஒருகாலத்தில் அப்படி இறங்கிப் போனவள்தான். கொள்ளைக் காய்ச்சல் வந்த வருசம் அவள் பால் கொடுத்த பெண்பிள்ளை செத்துப் போய்விட்டது. அதற்குப் பிறகு வேறு பிள்ளை இல்லை. அது நடந்து மூன்றாம் வருசம், ரோட்டுக்குப் பாறை உடைக்கும்போது மேலேயிருந்து உருண்ட கல் இராயப்பனின் பிடரியில் விழுந்தது.

அன்றிலிருந்து அவளுடைய நாள் இப்படித்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குக் கொம்பு ஊதுவதற்கு முன் எழுந்து, அவனைக் கழுவித் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊற்றி, வலப்பக்கமாகச் சாய்த்து, முதுகுக்கு உமி மூட்டையை அணைகொடுத்துவிட்டுப் போவாள். ஒன்பது மணிக்கு வந்து இடப்பக்கம் திருப்புவாள். மத்தியானம் கொழுந்து நிறுக்கிற இடைவெளியில் ஓடிவந்து மல்லாத்துவாள். சாயங்காலம் வந்து எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து. ஒரு பக்கமாகவே நாலு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் எலும்பு அழுத்துகிற இடத்தில் தோல் சிவக்கும்; சிவந்தது கறுக்கும்; கறுத்தது உள்ளே குழியும். இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. முதல் மாதம் பிட்டத்தில் வந்த புண்ணை ஆற்றுவதற்குள் அவளே தெரிந்துகொண்டாள்.

அப்போது அவளும் பக்கத்து மலையில் இருந்தாள். பிள்ளைக்காரிகளோடு சேர்ந்து ஒன்பது மணிக்குச் சத்தமில்லாமல் இறங்கி, அவர்களோடேயே ஏறிவிடுவாள். ஏழு மாதம் கங்காணியின் கண்ணில் படவில்லை. பட்ட அன்று, அத்தனை பெண்களும் பார்க்க அவளை நிறுத்தினார்.

“நீ எங்க போறே? புருசனுக்குப் பாலு குடுக்கவா?”

நிரையில் நின்ற சில பேர் சிரித்தார்கள். கங்காணி சொன்னதற்குச் சிரிக்காவிட்டால் மறுநாள் எந்த மலைக்கு அனுப்புவார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

“குடுத்தா எந்திரிச்சு நடப்பாருன்னா குடுத்துப்புடுவேங்க” என்றாள் இருதயம்மா.

அதற்கும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பைத்தான் கங்காணியால் பொறுக்க முடியவில்லை. மறுநாளே அவளை உச்சிமலைக்கு மாற்றினார். லயத்திலிருந்து இரண்டு மைல் ஏற்றம். ஒன்பது மணிக்கு இறங்கினால் ஏறி வருவதற்குள் பதினொன்று ஆகிவிடும். மத்தியான இடைவெளியிலும் வந்து திரும்ப முடியாது. துரையிடம் சொல்லும்படி அவள் கங்காணியையே கேட்டாள். அவரும் சொன்னார், எப்படிச் சொன்னாரோ, துரை டாக்டரையாவை அனுப்பி, அந்த ஆளின் நிலைமை அவ்வளவு மோசமா என்று பார்த்து வரச் சொன்னார்.

அதைத்தான் இப்போது டாக்டரையா பார்த்து முடித்திருந்தார். அவர் படி இறங்குவதற்குள் இருதயம்மா வாசலுக்கு வந்தாள்.

“ஐயா, புண்ணு இல்லேங்கிறீங்க. நான் ஒம்போது மணிக்கு வந்து திருப்பிப் போட்டதாலதானுங்க இல்ல. உச்சிமலைக்குப் போனா யாருங்க திருப்புறது?”

“அதான் நல்லா இருக்கானே” என்றார் அவர். உச்சிமலைக்குப் போய் மூன்று நாள்தான் ஆகிறது என்று அவள் சொன்னது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. வலது தோளைத் தூக்க முடியவில்லை, அவரைத் தூக்கித் தூக்கிக் கை மரத்துப் போகிறது, அதையாவது பாருங்கள் என்று கேட்டாள். தான் நோயாளியைப் பார்க்க வந்ததாகவும், அவளுக்கு ஏதாவது என்றால் ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கு வந்து வரிசையில் நிற்கும்படியும் சொல்லிவிட்டு நடந்தார்.

கங்காணி பின்தங்கினார். குரலைத் தணித்துக்கொண்டு, ஒருவருக்கு விட்டால் எல்லாரும் கேட்பார்கள் என்றார். இன்றைக்குப் புருசன், நாளைக்கு மாமியார், நாளன்னைக்கு ஆடு குட்டி போட்டிருக்கிறது என்று வருவார்கள். இவ்வளவு கஷ்டம் என்றால் ஆளை ஊருக்கு அனுப்ப எழுதிவிடலாமே, துரையே கப்பலுக்கு ஏற்பாடு பண்ணுவார் என்றார்.

உள்ளேயிருந்து இராயப்பன் கேட்டான்: “எந்த ஊருக்குங்க?”

அவன் பிறந்தது அதே லயத்தில், நாலு காம்பரா தள்ளி. கங்காணிக்கும் அது தெரியும். டாக்டரையாவின் பின்னால் வேகமாக நடந்துவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் துணி மாற்றும்போது அவள் அதைக் கண்டாள். வலது இடுப்பெலும்பின் மேல், ஒரு செப்புக்காசு அளவுக்குச் சிவப்பு. விரலால் அழுத்தினாள். வெளுக்கவில்லை. அழுத்தினால் வெளுத்துத் திரும்பச் சிவக்கிற தோல் பிழைக்கும். வெளுக்காத தோல் செத்துக்கொண்டிருக்கிறது. அவனுக்கு அது தெரியாது. அவனுக்கு அங்கே உணர்ச்சி இல்லை. அவள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.

“வந்திருச்சா?” என்றான்.

“வந்திருச்சு.”

பக்கத்துக் காம்பரா மரியகொரட்டி, இடுப்பில் ஆறு மாதப் பிள்ளையோடு எட்டிப் பார்த்தாள். இருதயம்மாவுக்கு உறவு எதுவும் இல்லை. அக்கா என்று கூப்பிடுவாள். அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. தோன்றியதை அப்படியே சொல்லிவிடுகிறவள் அவள்.

“அக்கா, நீங்க சுத்தமா வச்சதுதான் தப்பு. அப்பிடியே வுடுங்க. ரெண்டு நாளு கழுவாதீங்க, திருப்பாதீங்க. புண்ணு வாயத் தொறக்கட்டும், புழு நெளியட்டும். அப்புறம் டாக்டரையாவக் கூட்டியாந்து காட்டுங்க. அவங்களுக்குக் கண்ணால பாத்தாத்தான் புரியும்.”

“அவரு முதுகு என்ன மனு எழுதுற காகிதமாடி?” என்றாள் இருதயம்மா.

மரியகொரட்டி பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு தன் காம்பராவுக்குப் போனாள். ஆனால் அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தத் தோட்டத்தில் நாறினால்தான் நம்புவார்கள். ஒருத்தி எட்டு மாதம் இடுப்பு ஒடிய உழைத்து ஒரு மனுசனை நாறாமல் வைத்திருந்தாள் என்றால், அங்கே உழைப்பு எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தம். கொழுந்து கிள்ளினால் கூடையில் தெரியும். கவ்வாத்து வெட்டினால் செடியில் தெரியும். இந்த வேலை ஒழுங்காகச் செய்தால் எதுவுமே தெரியாது. செய்யாமல் விட்டால்தான் தெரியும்.

 அன்று இராத்திரி இருதயம்மா, சிவந்த இடத்தில் பாரம் படாமல் உமி மூட்டையை மூன்று விதமாக வைத்துப் பார்த்தாள். எப்படி வைத்தாலும் பகல் முழுவதும் ஒரே பக்கம் கிடந்தால் வேறொரு எலும்பு அழுத்தும். மனுசனுக்கு எத்தனை எலும்பு என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாள் சனிக்கிழமை அரைநாள் வேலை. ஞாயிறு வேலை இல்லை. அந்த இரண்டு நாளும் வீட்டில் இருந்த நேரமெல்லாம் அவள் மணிக்கு மணி திருப்பினாள். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கும் போகவில்லை, மருந்துக்கும் போகவில்லை. லுணுகலையில் மொஹிதீன் கடைக்குப் போய் இரண்டு புதுச் சாக்கு கேட்டாள். எதற்கு என்று மொஹிதீன் கேட்டபோது, ஆளைக் கட்டித் தூக்க என்றாள். அவர் உள்ளே போய்ப் பிரி அவிழாத நல்ல சாக்காகப் பொறுக்கிக் கொண்டுவந்தார். ஆளின் எடை என்ன, ஒரு மடிப்பு போதுமா என்று மட்டும் விசாரித்தார். எட்டு மாதத்தில் அவளுடைய வேலையைப் பற்றி வேலையாக நினைத்துப் பேசிய முதல் ஆள் அவர்தான்.

வீட்டுக்கு வந்து இராயப்பனிடம் சொன்னாள்.

அவன் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். முப்பத்தெட்டு வயது. பாறை பெயர்க்க அலவாங்கு பிடித்தால் அந்தத் தோட்டத்தில் அவனுக்கு ஈடு யாரும் கிடையாது. அவனைக் கொண்டுபோய்ப் பிள்ளைக்காம்பராவில் கிடத்தப் போகிறேன் என்கிறாள்.  கடைசியில் அவன் சொன்னான்:

“சரி. தொட்டில்ல மட்டும் போட்டுறாத.”

திங்கட்கிழமை கொம்பு ஊதுவதற்கு முன்பே இருதயம்மா சாக்கை மடித்து அவனுடைய தொடைக்கும் இடுப்புக்கும் அடியில் கொடுத்தாள். கொழுந்துக் கூடைக் கயிற்றைச் சாக்கின் இரண்டு முனைகளிலும் கோத்து முடிந்தாள். அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கயிற்றைத் தலையில் மாட்டி, மரியகொரட்டி பின்னாலிருந்து ஏற்றிவிட, எழுந்தாள். தினமும் கூடை சுமக்கிற தலைதான். கூடை கழுத்தைக் கட்டிக்கொள்ளாது, அதுதான் வித்தியாசம். இராயப்பன் இடது கையால் அவள் தோளை வளைத்துப் பிடித்திருந்தான். கால்கள் நிலத்தில் உரசி விரல் கிழிந்துவிடாமல் இரண்டையும் பழந்துணியால் சுற்றியிருந்தாள். நாற்பது எட்டு வைக்கிற தூரம். இரண்டு இடத்தில் சுவரில் சாய்ந்து நின்று போனாள்.

பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்கிறவள் இராக்கம்மா. காணாத கூத்தில்லை என்கிற முகம் அவளுக்கு. பதினொரு குழந்தைகள், ஏழு தொட்டிலில், நாலு தரையில். வாசலை மறைத்துக்கொண்டு நிற்கிறவளையும் அவள் முதுகில் இருப்பதையும் பார்த்தாள்.

“இது எத்தன மாசப் பிள்ள?” என்றாள்.

“முப்பத்தெட்டு வருசம்” என்றாள் இருதயம்மா, மூச்சு வாங்க. “பல்லெல்லாம் மொளச்சிருச்சு.”

“கடிக்குமா?”

“கஞ்சி குடுக்கலேன்னாக் கடிப்பேன்” என்றான் இராயப்பன்.

இராக்கம்மா சிரிக்கவில்லை. எழுந்து சுவரோரம் இருந்த விறகைத் தள்ளி இடம் பண்ணினாள். ஒரு வருசத்துக்கு முன் தனியாக விட்டுப்போன குழந்தை ஒன்று அடுப்பில் விழுந்த பிறகுதான், தனியே இருக்க முடியாத எதையும் காம்பராவில் விட்டுவிட்டு வேலைக்குப் போகக்கூடாது என்று பெரட்டில் வைத்துத் துரை சொல்லியிருந்தார். கங்காணி கேட்டால் அதைச் சொல்லிக்கொள்ளலாம் என்றாள் இராக்கம்மா. ஆனால் தன்னால் இவனைத் தூக்க முடியாது, இடுப்பு போய்விட்டது என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

இருதயம்மா அவனை எப்படித் திருப்ப வேண்டும் என்று மரியகொரட்டிக்குக் காட்டிவிட்டு உச்சிமலைக்கு ஏறினாள்.

ஒன்பது மணி அடித்ததும் ஐந்து பிள்ளைக்காரிகள் வந்தார்கள். உள்ளே ஆம்பிளை ஒருவன் படுத்திருப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றார்கள். மார் கட்டி வலிக்கிறது. பிள்ளைகள் குரலைக் கேட்டு அழத் தொடங்கிவிட்டன. இவன் எதிரில் எப்படி ரவிக்கையை அவிழ்ப்பது?

“என்னையச் சொவத்துப் பக்கம் திருப்பிப் போட்டுருங்கம்மா” என்றான் இராயப்பன். “எனக்கும் அதான் வேணும்.”

மரியகொரட்டி தோளைப் பிடித்தாள். இன்னொருத்தி இடுப்பைப் பிடித்தாள். நொடியில் திருப்பிவிட்டார்கள். ஐந்து பேருக்கு அது ஒரு வேலையே இல்லை. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். பெண்கள் பால் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் பாதிப் பேர் அவன் இருப்பதையே மறந்து மாமியார்களைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

அவர்கள் மார்பிலிருந்து பிள்ளைகளை எடுப்பதற்குள் சவரிமுத்து கங்காணி வந்துவிட்டார். யாரோ சொல்லியிருக்கிறார்கள்; அந்தத் தோட்டத்தில் சொல்வதற்கு ஆளா பஞ்சம்? வாசலில் நின்று, முகத்தை மறுபுறம் திருப்பிக்கொண்டு, இந்த ஆளை உடனே எடுங்கள் என்று கத்தினார். பிள்ளை குடித்துக்கொண்டிருக்கிறது என்றாள் ஒருத்தி. நேரம் முடிந்தது, மலைக்குப் போகணும், நீங்கதானே சொல்வீங்க என்றாள் இன்னொருத்தி. இராக்கம்மா, தன்னை வைத்திருப்பது பார்த்துக்கொள்ளத்தான், தூக்குவதற்கு அல்ல என்றாள்.

பெண்கள் போன பிறகு கங்காணி ரோட்டு வேலை ஆள் ஒருவனைக் கூப்பிட்டு, கோட்டைக் கழற்றாமலே தூக்க வந்தார். இராயப்பன் எங்கே பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டேயிருந்தான். கழுத்துக்குக் கீழே ஒரு கை கொடுங்க என்றான். கங்காணிக்குக் கூலிக்காரன் சொல்லிக் கேட்டுப் பழக்கமில்லை. கக்கத்தில் கையைக் கொடுத்து இழுத்தார். உயிரில்லாத உடம்பு வழுக்கிக்கொண்டு போயிற்று. இடுப்பு ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். பாதி தூக்கிய நிலையில் அவனுக்கு மூத்திரம் போய்விட்டது. அதுவும் அவன் சொன்னபடி கேட்பதில்லை. கங்காணியின் கோட்டு முன்பக்கம் முழுவதும் நனைந்தது.

“மன்னிச்சுக்கங்க” என்றான் இராயப்பன். அவன் அதை மனசாரத்தான் சொன்னான். இராக்கம்மாதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

கங்காணி உச்சிமலைக்கு ஆள் அனுப்பி இருதயம்மாவைக் கூப்பிட்டார். அவள் இரண்டு மைல் இறங்கி வந்தாள். அவர் சொன்ன எதையும் காதில் வாங்காமல், புருசனைக் கழுவினாள், துணி மாற்றினாள், மல்லாத்திப் போட்டாள், இடுப்பில் சிவந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து, “மலைக்கு நேரமாச்சுங்க” என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள்.

வேலை முடிந்து சாயங்காலம் அவனைச் சுமந்து காம்பராவுக்குக் கொண்டுபோனவள், செவ்வாய்க்கிழமை காலையிலும் அப்படியே கொண்டுவந்து கிடத்தினாள். ஆள் அனுப்பினால் அவள் இறங்கி வருகிறாள். வந்தால் திருப்பிப் போடுகிறாள். எடுத்துக்கொண்டு போக மட்டும் மறுக்கிறாள். ஆள் அனுப்பாவிட்டால் ஒன்பது மணிக்குப் பிள்ளைக்காரிகள் திருப்புகிறார்கள். பெண்களை உள்ளே விடாமல் காம்பராவைப் பூட்டவும் முடியாது. கங்காணி வைத பேச்சுகளை எழுத முடியாது. அவள் வம்சத்தை, செத்துப்போன பிள்ளையைக்கூட விடவில்லை.

புதன்கிழமை துரையே குதிரையில் வந்தார். கூடவே டாக்டரையா நடந்து வந்தார். கங்காணி மேலே ஆள் அனுப்பி இருதயம்மாவை முன்கூட்டியே கூப்பிட்டு வைத்திருந்தார். ஒன்பது மணி அடித்த நேரம் என்பதால் பிள்ளைக்காரிகளும் வாசலில் நின்றார்கள். துரை குதிரையை விட்டு இறங்கவில்லை. வாசலில் அதன் மேல் இருந்தபடியே குனிந்து உள்ளே பார்த்தார். பதினொரு குழந்தைகளுக்கு நடுவில் ஒரு மீசைக்காரன் படுத்திருந்தான். துரைக்குச் சிரிப்பு வந்ததோ கோபம் வந்ததோ, முகம் சிவந்தது. டாக்டரையாவிடம் பார்க்கச் சொன்னார்.

டாக்டரையா உள்ளே போய்த் துணியை விலக்கினார். இடுப்பெலும்பில் காசு அளவு சிவப்பு இருந்தது. இரண்டு நாளாகக் கொஞ்சம் வாடியிருந்தது, ஆனாலும் இருந்தது. வெளியே வந்து துரையிடம் இங்கிலீசில் சொன்னார். சொன்னதை எல்லாருக்கும் கேட்கத் தமிழிலும் சொன்னார்: போன தடவை பார்த்தபோது உடம்பு சுத்தமாக இருந்தது, இப்போது படுக்கைப் புண் தொடங்கியிருக்கிறது, பெண்சாதி கவனிக்கவில்லை.

இருதயம்மா இரண்டு எட்டு முன்னால் வந்தாள். அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட அவ்வளவு சுருக்கென்று இருந்திருக்காது.

“அன்னைக்குப் புண்ணு இல்ல. அதனால எனக்கு ஒதவி வேணாம்னீங்க. இன்னைக்குப் புண்ணு வந்திருச்சு. அதனால குத்தம் எம்மேலன்னு சொல்றீங்க. நல்லாப் பாத்தாலும் எனக்கு ஒண்ணும் இல்ல, கெட்டுப் போனாலும் எனக்கு ஒண்ணும் இல்ல. ரெண்டு வாட்டியும் அவரப் பாத்தீங்க. எட்டு மாசமாத் தூக்குறவ நானுங்க. ஒரு நாளைக்கு எத்தன வாட்டி தூக்குறேன்னு கேட்டீங்களா? எப்பத் தூங்குறேன்னு கேட்டீங்களா? நான் வுழுந்துட்டா இவர யாரு பாப்பான்னு கேட்டீங்களா? நீங்க கேக்க வேண்டியது என்னையத்தானுங்க. புண்ணு வருமா வராதாங்கிறது என் கையிலதான இருக்கு.”

டாக்டரையா துரையைப் பார்த்தார். துரைக்குத் தமிழ் தெரியும்; அரைகுறையாக இருந்தாலும் போதுமான அளவுக்குத் தெரியும்.  ஆனால் அவர் கங்காணியிடம்தான் கேட்டார்: இவள் தினமும் எத்தனை மணிக்கு உச்சிமலையை விட்டு இறங்குகிறாள், எத்தனை மணிக்குத் திரும்புகிறாள், யார் இறங்கச் சொல்வது?  தான்தான் ஆள் அனுப்பிக் கூப்பிடுவதாகக் கங்காணி ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. மலையில் கொழுந்து முற்றுகிறது, நீ ஒருத்தியை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறாயா என்று துரை கேட்டார். இவளைப் பக்கத்து மலையில் போடு, மற்றவர்களோடு ஒன்பது மணிக்குப் போய்வரட்டும், இந்த ஆளைப் பிள்ளைக்காம்பராவை விட்டு இப்போதே எடு என்றார்.

இருதயம்மாவைக் கல்லில் அடித்த சிலை மாதிரி நிற்கவைத்துவிட்டு, முழுக்க அவள் தலைக்கு மேலாகவே தீர்ப்பு நடந்து முடிந்தது. அவளுடைய தோள் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாயங்காலத்தில் தூக்குவதற்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று கேட்க வாயெடுத்தாள். துரை குதிரையைத் திருப்பிவிட்டார். கொழுந்து முற்றாமல் இருந்தால் இதுகூடக் கிடைத்திருக்காது. அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது.

“தொரைக்குக் கும்புடு போடு” என்றார் கங்காணி, பல்லைக் கடித்துக்கொண்டு. “கேட்டதக் குடுத்துட்டாருல்ல.”

அவள் கும்பிடவில்லை.

“ஆள எடு. காம்பராவுக்குக் கொண்டு போ.”

“நான் இப்ப மலையில நிக்க வேண்டியவ” என்றாள் இருதயம்மா. “தொரை நேரம் ஓடுது. ஆள எடுன்னு தொரை சொன்னது ஒங்களத்தான். எல்லாரும் கேட்டோம்.”

பிள்ளைக்காரிகள் ஆமாம் என்றார்கள். மரியகொரட்டிதான் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். துரையின் குதிரை இன்னும் வளைவைத் தாண்டவில்லை. சத்தம் கேட்டு அவர் திரும்பிப் பார்த்தார். என்ன நடக்கிறது என்று விளங்கியதோ இல்லையோ, கங்காணியைப் பார்த்து, தூக்கு என்று கையைக் காட்டிவிட்டுப் போனார்.

கங்காணி கோட்டைக் கழற்றினார். தனியாக முடியாது என்று அவருக்குத் திங்கட்கிழமையே தெரியும். வேறு ஆம்பிளை யாரும் பக்கத்தில் இல்லை. எல்லாரும் மலையில் இருந்தார்கள். டாக்டரையா நழுவப் பார்த்தார். இருதயம்மா வாசலை விட்டு நகரவில்லை.

“ஐயா, நீங்க கால்மாட்டுல வாங்க” என்றாள்.

அவள் சொல்லச் சொல்ல அவர்கள் தூக்கினார்கள். கழுத்துக்கு அடியில் ஒரு கை. இடுப்புக்கு அடியில் ஒரு கை. மூச்சை இழுத்துக்கொண்டு, ரெண்டு பேரும் ஒரே நேரத்தில். சாக்கு நான்கு முனையிலும் விறைத்து நின்றது. இரண்டு ஆண்களுக்கும் பத்து எட்டிலேயே வேர்த்துவிட்டது. கங்காணியின் கழுத்து நரம்பு புடைத்தது. டாக்டரையாவுக்குச் சாக்கின் முனை விரலை அறுத்திருக்க வேண்டும். பிடியை மாற்றுவதற்கு நிற்கலாமா என்று கேட்டார். நின்றால் சாக்கு தொய்யும், இடுப்பு மடங்கும், போங்க என்றாள். பிள்ளைக்காரிகள் மலைக்குத் திரும்பாமல் வாசலில் நின்று பார்த்தார்கள். அவர்களைத் துரத்த வேண்டியவரின் கை நிறைந்திருந்தது.

“எத்தன வாட்டிம்மா இப்பிடி?” என்றார் டாக்டரையா திடீரென்று, குனிந்தபடியே.

“திருப்புறது ஆறு. தூக்குறது நாலு.”

  அவர் கேட்டுவிட்டதால் எதையும் மன்னிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

லயத்துப் படியில் கங்காணி கால் இடறி, சாக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இராயப்பனின் குதிகால் கல்லில் போய் இடித்தது. அவன் முகம் மாறவில்லை. கங்காணி அதைப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லை, அவனுக்கு வலிக்கவில்லை என்றார்.

இருதயம்மா குனிந்து அந்தக் குதிகாலைத் தேய்த்துப் பார்த்தாள். தோல் லேசாக உரிந்திருந்தது. நிமிர்ந்தாள்.

“அவருக்கு வலி தெரியாது” என்றாள். “அதனாலதான் நீங்க பாத்துப் போகணும்.”